அடிமை வாழ்வில் அச்சமும் கவலையும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாதந்தோறும் இம்மன்றத்தில் இலக்கியமும் சமயமும் பேசக் கேட்டுவரும் உங்களுக்கு இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள் சிறிது புதிதாகத் தோன்றலாம். அடிமைகளாய் வாழ்ந்த மக்களின் உள்ளத்தில் அச்சமும் கவலையும் எவ்வாறு குடிகொண்டிருந்தன என்பதே அப்பொருள். அடிமைத்தனத்தின் கொடுமையைப் பேசுவோர் பெரும்பாலும் கசையடியையும் விலங்கையும் பேசுவர். அடி விழும் நேரம் சிறிது. அடி விழுமோ என்று அஞ்சியிருக்கும் நேரமோ பெரிது. உடம்பின் புண் ஆறிய பின்னும் ஆறாத அப்பகுதியையே இன்று ஆராய விரும்புகின்றேன்.

இதற்குச் சான்றாக அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அடிமைகளாயிருந்த ஆப்பிரிக்க மக்களின் வரலாற்றை எடுத்துக்கொள்கின்றேன். காரணம் யாதெனின், உலகில் அடிமை முறை இருந்த நாடுகள் பலவாயினும், தாம் பட்ட துன்பத்தைத் தாமே எழுதிவைத்தவர்கள் அந்நாட்டில்தான் மிகுதி. 1860-ஆம் ஆண்டின் குடிமதிப்புக் கணக்கின்படி அங்கே ஏறத்தாழ 39½ லட்சம் பேர் அடிமைகளாய் இருந்தனர். அவர்களுள் தப்பி வந்தோரும் விடுதலை பெற்றோருமான சிலர் தம் வரலாற்றை நூலாக்கினர். பிரெடரிக் டக்ளஸ் 1845-இலும், சாலமன் நார்த்தப் 1853-இலும், ஹாரியட் ஜேக்கப்ஸ் என்னும் பெண்மணி 1861-இலும் வெளியிட்ட நூல்கள் அவற்றுள் தலையாயவை. யான் கூறப்போகும் செய்திகளுட் பல அம்மூவர் வாய்மொழி எனக் கொள்க.

நம் தொல்காப்பியனார் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை முதலாக எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களிற் பிறக்கும் என்றார். அச்சம் பிறக்கும் இடங்களாக அவர் கூறியவை அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன. காட்டுவழிப் போவான் ஒருவன் பேயைக் கண்டு அஞ்சுவான். புலியைக் கண்டு அஞ்சுவான். ஆறலைக்கும் கள்வரைக் கண்டு அஞ்சுவான். தன்னை ஆள்வோனைக் கண்டு அஞ்சுவான். இந்நான்கும் வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு காலத்தில் வருவன. ஒன்று நீங்கினால் மனிதன் மூச்சு விடலாம். அடிமையின் நிலையோ அத்தகையதன்று. அவனுக்கு இந்நான்கும் ஓரிடத்திலிருந்தே வந்தன.

முதலில் விலங்கைப் பாருங்கள். சாலமன் நார்த்தப் என்பவர் நியூயார்க் மாநிலத்தில் அடிமையல்லாதவராகவே பிறந்து, மனைவி மக்களோடு வாழ்ந்தவர். அவர் லூயிசியானாவில் அடிமையாயிருந்தபோது, தம்மைக் கொல்ல முயன்ற ஒருவனிடமிருந்து தப்பியோடினார். மோப்ப நாய்கள் துரத்தின. அப்பக்கத்து அடிமைகளுக்கு நீந்தக் கற்பது மறுக்கப்பட்டிருந்தது. ஓடுவோரை ஆறும் சதுப்புமே தடுத்து நிறுத்தும் என்பது உடையவர்களின் எண்ணம். நார்த்தப் இளமையிலேயே நீந்தப் பழகியவராதலின் நீரிற் பாய்ந்து நாய்களுக்கு மோப்பம் அறுத்தார். பின் நச்சுப் பாம்பும் முதலையும் நிறைந்த சதுப்பு நிலத்தில் இரவெல்லாம் நடந்தார். பாம்புக்கும் முதலைக்கும் அவர் அஞ்சவே செய்தார். ஆயினும் அவற்றின் நடுவே நுழைந்தார். மனிதன் இருக்கும் கரையைவிட முதலை இருக்கும் நீர் அவருக்குப் பாதுகாப்பாகத் தோன்றியது என்றால், அக்கரையின் கொடுமையை வேறு எவ்வாறு அளப்பது?

அடுத்து அணங்கு. இரவில் அடிமைகள் ஒருவரையொருவர் கண்டு பேசுதலும் கூடுதலும் உடையவர்களுக்குப் பிடிக்காதவை. தென் கரோலினாவில் 1704-ஆம் ஆண்டிலேயே அடிமைகளைக் கண்காணிக்கச் சுற்றுக்காவற் படை அமைக்கப்பட்டது. அனுமதிச் சீட்டின்றி வழியில் அகப்பட்டோரை அப்படையினர் அவ்விடத்திலேயே அடிப்பர். படை போதாது என்று கருதிய இடங்களில், வெள்ளைத் துணி போர்த்துப் பேய்போல வேடமிட்டு இருளில் வந்து அச்சுறுத்தும் வழக்கமும் இருந்ததாக, அம்மக்களின் வழிவந்தோர் பிற்காலத்திற் கூறியுள்ளனர். விடுதலைக்குப் பிறகு தோன்றிய குக்ளக்ஸ் கிளான் கூட்டத்தார் அதே வேடத்தை மேற்கொண்டனர்.

மூன்றாவது கள்வர். கள்வர் பொருளைக் கவர்வர். இங்கே மனிதரையே கவர்ந்தனர். மேலே கூறிய நார்த்தப்பை 1841-இல் இருவர், பிடில் வாசிக்க நல்ல ஊதியம் தருவதாகச் சொல்லி வாஷிங்டன் நகருக்கு அழைத்துச் சென்றனர். அங்கே அவர் மயக்க மருந்துண்டு, விழித்தபோது விலங்கிடப்பட்டு இருட்டறையிற் கிடந்தார். நான் அடிமையல்லேன் என்று அவர் சொல்லச் சொல்ல, வணிகன் அடித்தான். அதன்பின் பல ஆண்டுகள் தம் உண்மைப் பெயரையும் ஊரையும் அவர் ஒருவரிடமும் வெளியிடவில்லை. 1853-ஆம் ஆண்டு சனவரியில் விடுதலை பெறும்வரை வேறொரு பெயரிலேயே வாழ்ந்தார். தன் பெயரைச் சொல்லவே ஒருவன் அஞ்சினான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி, தம் இறை. இதுவே அனைத்துக்கும் வேர். பருத்தித் தோட்டத்தில் மாலை வேளையை நார்த்தப் விரித்துரைக்கின்றார். வழக்கமான ஒரு நாள் வேலை 200 இறாத்தல் பஞ்சு எடுத்தல். இருட்டிய பின் கூடையைத் தூக்கிக்கொண்டு நிறுவைக்குச் செல்லவேண்டும். உடல் எவ்வளவு களைத்திருந்தாலும், ஓய்வு எவ்வளவு வேண்டியிருந்தாலும், அங்கே செல்வோர் அச்சத்தோடன்றிச் செல்வதில்லை என்கின்றார். எடை குறைந்தால் அடி உண்டு. கூடினாலோ? பத்து இருபது இறாத்தல் கூடினால் மறுநாள் முதல் அதுவே அவனுக்குரிய அளவாகிவிடும். ஆதலின் குறைந்தாலும் அச்சம், கூடினாலும் அச்சம். அதன்பிறகு எடுபிடி வேலைகளை முடித்துச் சோளம் அரைத்து உண்டு படுக்க நள்ளிரவாகும். படுத்தவனுக்கும் உறக்கம் அமைதியாக வாராது. விடிவதற்கு ஒரு நாழிகைக்கு மேலிருக்கும்போதே கொம்பு ஊதும். விடிந்தபின் குடிசையிற் காணப்பட்டால் அடி நிச்சயம். எடைக்கு அஞ்சி மாலையைக் கழித்தவன், உறங்கிப்போவோமோ என்று அஞ்சி இரவைக் கழித்தான்.

அடியின் மிகுதியைவிட அதன் நேரம் தெரியாமையே அச்சத்தை வளர்க்கும். டக்ளஸ் 1834-இல் கோவி என்பவனிடம் ஓராண்டு வேலைக்கு விடப்பட்டார். அடங்காத அடிமைகளை அடக்கித் தருபவன் என்று பெயர் பெற்றவன் அவன். அடிமைகள் தமக்குள் அவனைப் பாம்பு என்று அழைத்தனர். வெளியூர் போவதுபோல் குதிரையேறிச் சென்று பாதிவழியில் திரும்பி வந்து மரத்தின் பின் நிற்பான். கதிர்களின் நடுவே தவழ்ந்து வந்து திடீரென எழுவான். அவன் இல்லாத நேரமும் அவன் இருக்கும் நேரம் போலவே ஆயிற்று. காவலன் ஒருவனைத் தம் உள்ளத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு அவர்கள் வேலை செய்தனர்.

அச்சம் என்பதும் கவலை என்பதும் ஒன்றல்ல. கண்ணெதிரே உள்ளதற்கு அஞ்சுவது அச்சம். வராததை வந்துவிடுமோ என்று நாளெல்லாம் நினைந்து தேய்வது கவலை. அடிமையின் பெருங்கவலை யாதெனில், பிரிக்கப்படுதல். 1808-இல் கடல் கடந்து அடிமைகளைக் கொணர்வது தடுக்கப்பட்ட பின்னர், உள்நாட்டு விற்பனை பெருகிற்று. 1790 முதல் 1860 வரை ஏறத்தாழ பத்து லட்சம் பேர் வடபகுதியிலிருந்து பருத்தி விளையும் தென்பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டனர் என்று வரலாற்றறிஞர் கணிக்கின்றனர். உடையவன் கடன்பட்டாலும் விற்பான். இறந்தாலும் மக்கள் பங்கிடுவர். மகளுக்கு மணமானால் சீதனமாகத் தருவான். தவறே செய்யாது நல்லவனாய் நடந்துகொண்டாலும் இவற்றுள் ஒன்றையும் அடிமை தடுக்க இயலாது.

டக்ளஸ் சிறுவராயிருந்தபோது அவரை உடையவன் இறந்தான். சொத்துப் பங்கீட்டுக்காக அடிமைகள் அனைவரும் ஓரிடத்தில் நிறுத்தப்பட்டனர். கிழவரும் இளைஞரும், மணமானோரும் ஆகாதோரும், குதிரை ஆடு பன்றிகளோடு ஒரே வரிசையில் நின்று விலை மதிக்கப்பட்டனர். யாருக்கு யார் பங்காவார், எந்தத் தாயிடமிருந்து எந்தப் பிள்ளை பிரியும் என்று அன்று அவர்கள் பட்ட வேதனையை அவர் தம் நூலில் எழுதியிருக்கின்றார். ஹாரியட் ஜேக்கப்ஸ் ஆண்டுப் பிறப்பைப் பற்றிக் கூறுகின்றார். சனவரி முதல் நாள் நமக்கெல்லாம் வாழ்த்துக் கூறும் நாள். அவர் பிறந்த வட கரோலினாவில் அது அடிமைகளைக் குத்தகைக்கு விடும் நாள். விற்பனையும் அன்றே நடக்கும். அதற்கு முந்திய இரவு, அடிமைத் தாய் தன் குடிசையின் குளிர்ந்த தரையில் அமர்ந்து, விடிந்தால் பறிபோகக் கூடிய தன் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேயிருப்பாள்.

பெண்களுக்கு இவற்றின் மேலும் ஓர் அச்சம் இருந்தது. அதனை விரித்துரைத்தல் இவ்வவைக்கு ஏலாது. ஆயினும் மறைத்தலும் முறையன்று. பதினைந்து வயதில் தம் எசமானன் தம் காதில் தகாத சொற்களைச் சொல்லத் தொடங்கியதை ஜேக்கப்ஸ் எழுதுகின்றார். முறையிடச் சட்டம் இல்லை. பாட்டியிடம் சொல்லவும் நாணம் தடுத்தது. 1835-இல் அவனிடமிருந்து ஒளிந்து, பின்னர்த் தம் பாட்டி வீட்டுக் கொட்டகையின் கூரைக்கடியில் உள்ள பரணிற் புகுந்தார். அதன் நீளம் 9 அடி, அகலம் 7 அடி. மிக உயர்ந்த இடத்தில் உயரம் 3 அடி. நிமிர்ந்து நிற்க இயலாத அவ்விடத்தில் ஏறத்தாழ ஏழாண்டுகள் இருந்தார். பலகையிற் சிறு துளையிட்டு அதன் வழியே தம் பிள்ளைகள் தெருவில் விளையாடுவதைப் பார்ப்பார். அவர்கள் குரலைக் கேட்பார். அழைக்க மட்டும் இயலாது. 1842-இல்தான் கப்பலேறி வடக்கே தப்பினார்.

அச்சம் நாவையும் கட்டிப்போட்டது. டக்ளஸ் கூறும் நிகழ்ச்சி ஒன்று. லாயிட் என்னும் பெருஞ்செல்வருக்கு அடிமைகள் பலர். அவர் முகத்தை அறியாத அடிமைகளும் இருந்தனர். ஒருநாள் வழியில் தம் அடிமை ஒருவனையே கண்டு, நீ யாருடையவன், உன்னை நன்றாக நடத்துகின்றாரா என்று கேட்டார். ஆளறியாத அவன் உள்ளதைச் சொன்னான். இரண்டு மூன்று வாரங்கள் சென்றன. அவன் விலங்கிடப்பட்டு ஜார்ஜியா வணிகனுக்கு விற்கப்பட்டான். உற்றார் முகத்தை மீண்டும் அவன் காணவில்லை. இதன் பயனாகவே, எசமானர் எப்படி என்று யார் கேட்டாலும், நல்லவர், குறையொன்றும் இல்லை என்று விடைகூற அடிமைகள் பழகிக்கொண்டனர். அவ்விடையைக் கேட்ட வெளியூரார், அடிமைகள் மனநிறைவோடு வாழ்கின்றனர் என்று நூலெழுதினர். அவர்கள் பாடுவதைக் கேட்டு மகிழ்ச்சியாற் பாடுகின்றனர் என்றும் கூறினர். துயரம் மிக்கபோதே மிகுதியாகப் பாடினோம் என்பது டக்ளஸ் தரும் மறுப்பு.

மனநிறைவோடு இருந்தவர் ஏன் ஓடினர் என்ற வினா எழுமன்றோ? அதற்கும் ஒரு மருத்துவர் விடை கண்டார். நியூ ஆர்லியன்ஸ் நகரத்துச் சாமுவேல் கார்ட்ரைட் என்பவர், ஓடிப்போதல் அடிமைகளுக்கு வரும் ஒரு மனநோய் என்று 1851-இல் எழுதி, அதற்கு ஒரு பெயரும் சூட்டினார். கல்வியறிவு அதிகாரத்துக்குப் பணிசெய்யப் புகுந்தால் எவ்வளவு தாழும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

அச்சம் அடிமையோடு நிற்கவுமில்லை. அவனை அச்சுறுத்தியோனையும் பற்றிக்கொண்டது. 1831 ஆகஸ்டில் வர்ஜீனியாவில் நாட் டர்னர் என்னும் அடிமையின் தலைமையில் நடந்த கிளர்ச்சியில் ஏறத்தாழ 55 வெள்ளையர் கொல்லப்பட்டனர். உடனே அக்கிளர்ச்சியோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத கருநிற மக்கள் பலர் கொல்லப்பட்டனர். அண்டை மாநிலங்களிலும் வீடு வீடாகச் சோதனை நடந்தது. அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது குற்றம் என்று தென்மாநிலங்கள் பல சட்டம் செய்தன. ஒரு மனிதன் படிப்பதைக் கண்டு ஒரு மாநிலத்தின் சட்டமன்றமே அஞ்சியது. ஆசிரியர் தொழிலில் உள்ள எனக்கு இச்செய்தி மறக்க முடியாதது.

ஓடித் தப்பியோர்க்காவது அச்சம் நீங்கிற்றா? இல்லை. 1838 செப்டம்பரில் டக்ளஸ் நியூயார்க்கை அடைந்தார். முதல் மகிழ்ச்சி விரைவில் அடங்கியது. யாரிடமும் பேச அவர் அஞ்சினார். தம் நிறத்தாரிடமும் அஞ்சினார். பணத்துக்காகக் காட்டிக்கொடுப்போர் எங்கும் இருந்தனர். 1850-இல் ஓடிய அடிமைகளைப் பிடிக்கும் சட்டம் ஒன்று நிறைவேறியது. அடைக்கலம் தந்தோர்க்கு 1,000 டாலர் வரை தண்டமும் ஆறு மாதம் வரை சிறையும் விதித்தது அது. வழக்கைத் தீர்க்கும் ஆணையர், பிடிபட்டவனை எசமானனிடம் ஒப்படைத்தால் 10 டாலரும், விடுவித்தால் 5 டாலரும் ஊதியமாகப் பெற்றார். ஜேக்கப்ஸ் அக்காலத்தில் நியூயார்க்கில் இருந்தார். தெற்கிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியோர் யார் யார் என்று மாலைதோறும் செய்தித்தாளில் தேடுவாராம். 1852-இல் நண்பர் ஒருவர் 300 டாலர் கொடுத்து அவரை மீட்டார். தாம் விலைக்கு வாங்கப்பட்டதில் அவருக்கு மனவருத்தமே. ஆயினும் அன்றுதான் நெஞ்சின் சுமை இறங்கியது என்கின்றார்.

1856 சனவரியில் மார்கரெட் கார்னர் என்னும் தாய், உறைந்து கிடந்த ஒகையோ ஆற்றைக் கடந்து பிள்ளைகளோடு தப்பிச் சென்றாள். பிடிக்க வந்தோர் வீட்டைச் சூழ்ந்தபோது, மீண்டும் அடிமையாவதினும் சாவு மேல் என்று தன் சிறு பெண்குழந்தையைத் தானே கொன்றாள். இதற்கு விளக்கம் கூற யான் முற்படவில்லை.

இத்தனை அச்சத்தின் நடுவிலும் மனிதத்தன்மை அழியவில்லை என்பதையும் கூறவேண்டும். டக்ளஸ் ஒருநாள் கோவியை எதிர்த்துப் போராடினார். ஏறத்தாழ இரண்டு மணிநேரம் அப்போர் நடந்ததாம். அதன்பின் சட்டப்படி நான்காண்டு அடிமையாகவே இருந்தும், உள்ளத்தால் அடிமையல்லேன் என்று அவர் உணர்ந்தார். ஜேக்கப்ஸின் பாட்டியோ போராடவில்லை; பேர்த்தியை ஏழாண்டுகள் தம் கூரையின் கீழ் மறைத்துவைத்து, சோறிட்டு, வாய் திறவாதிருந்தார். இதுவும் வீரமே. 1865-இல் அடிமை முறை அரசியலமைப்புத் திருத்தத்தால் ஒழிந்த பின், விற்கப்பட்டுப் பிரிந்த தாயையும் பிள்ளையையும் தேடிப் பல்லாண்டுகள் செய்தித்தாள்களில் விளம்பரம் வந்துகொண்டே இருந்தது. கவலை அவ்வளவு நீண்டதெனின், அதன் அடியிலிருந்த அன்பும் அவ்வளவு நீண்டதே.

பெரியோர்களே! இவை கடல் கடந்த நாட்டுச் செய்திகள், நமக்கென்ன என்று எண்ணலாகாது. ஆரூரரைத் தடுத்தாட்கொள்ள இறைவன் ஆளோலை காட்டி வழக்காடினான் என்று பெரியபுராணம் கூறுகின்றது. மனிதரை ஓலையெழுதி ஆளும் வழக்கத்தை நம் நாடும் அறிந்திருந்தது என்பதற்கு அக்கதையே சான்று. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிலும் ஆட்களை விற்ற செய்தி உண்டு. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் இந்நாட்டில் அடிமையுரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்றது. கடனைக் காட்டி ஆளைக் கட்டிவைக்கும் கொத்தடிமை முறையை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. மீறுவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. ஆயினும் அச்சட்டத்துக்குப் பிறகும் செங்கற்சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் முன்பணத்துக்குக் கட்டுண்ட குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகளை நாம் படித்திருக்கின்றோம்.

நம் சங்கத்தாருள் நிலம் உடையோர் உளர். ஆலையும் சூளையும் நடத்துவோர் உளர். ஆட்களை வைத்து வேலை வாங்குவோர் பலர். அவர்களிடம் என் விண்ணப்பம் ஒன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகையின் வேறாக முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளையும் எண்ணியுள்ளார். அவற்றுள் அடக்கம் என்பது ஒன்று. நடுக்கு என்பது மற்றொன்று. அவர் அவற்றைத் தனித்தனியே வைத்தார். நாமோ நம்முன் ஒருவன் கைகட்டி நிற்கும்போது நடுக்கத்தை அடக்கம் என்று எண்ணி மகிழ்கின்றோம். நம் ஆள் நமக்கு விசுவாசமானவன் என்று சொல்லுமுன், அவன் வாங்கிய முன்பணத்துக்குக் கணக்குச் சீட்டு அவன் கையில் இருக்கின்றதா, வேறிடம் போக விரும்பினால் அச்சமின்றிப் போகலாமா, அவன் பிள்ளை வேலைக்களத்துக்கு வாராமல் பள்ளிக்கூடத்துக்கு வருகின்றதா என்ற மூன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டுகின்றேன். கேட்க வேண்டியது அவனிடம் அன்று; லாயிடின் ஆள் சொன்ன விடைக்கு நேர்ந்ததை அறிந்தோம். நம்மிடமே கேட்டுக்கொள்க.

திருவள்ளுவனார் கொடுங்கோன்மையைக் கூறியவுடன், பிறர் அஞ்சத்தக்கவற்றைச் செய்யாமையைத் தனியோர் அதிகாரமாக வைத்தார். அரசனுக்குச் சொன்ன அவ்வறம் ஓராளை வேலைக்கு வைத்திருப்பவனுக்கும் உரியதே. பிரம்பு பிடிக்கும் ஆசிரியர்க்கும், பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர்க்கும் உரியதே. பிறரை அஞ்சவைக்கும் ஆற்றல் சிறிதேனும் நம்மிடம் இருக்குமாயின், அதைக் குறைத்துக்கொள்வதே நாம் செய்யக்கூடிய நல்லறம்.